‘அந்த நாள்’ படத்தில ஓடுற அந்த மனுசன்: உங்கட மனசிலயும் இப்பிடி ஒரு முகம் கிடக்கா?

உப்புவெளியான்

முப்பது வருசமா மனசுக்குள்ள கிடக்கிற விசயம். இண்டைக்கு இறக்கி வைக்கிறன். 1954இல வந்த சிவாஜியின்ட துப்பறியும் படம் ‘அந்த நாள்’ பார்த்திருப்பீங்க, அதால கதை சொல்லேல்ல.

தொண்ணூறுகளின்ட தொடக்கம். எங்கட சின்னம்மாவின்ட கலியாண வீடு. கரண்ட் இல்லாத காலம், இரவில ஊரடங்கு. வந்த ஆக்கள் விடியும்வரைக்கும் வீட்டிலதான் இருக்கோணும். அதால ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முத்தத்தில மூண்டு படம் போட்டாங்க. முதல் ரெண்டும் புதுப்படம், சனம் நிறைஞ்சு கிடந்தது. மூண்டாவது கசற் போடேக்க சாமம் ரெண்டு மணி இருக்கும். கறுப்பு வெள்ளை, அதுவும் பாட்டே இல்லாத படம் எண்டு தெரிஞ்ச உடன பெடியளெல்லாம் பாயைத் தேடிப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது நான், வெத்திலை இடிச்சுக்கொண்டிருந்த ரெண்டு ஆச்சிமார், சாய்மனைக் கதிரையில அம்மப்பா.

சிவாஜி தொடக்கத்திலயே சூடுபட்டு விழுந்திடுவார். அம்மப்பா அசையேல்ல. வெடிச்சத்தம் கேட்டு அயல் வீட்டுச் சின்னையாப்பிள்ளை பொலிசுக்குச் சொல்ல ஓடுவார், தெரியுமே? அந்த இடத்தில அம்மப்பா கதிரையை விட்டு முன்னுக்கு வந்திட்டார். “இவன் உண்மையா ஓடுறான்டா” எண்டார்.

அம்மப்பா 1942இல திருகோணமலைச் சீனன்குடாவில கூலிக்கு நிண்டவர். ஏப்ரல் 9 காலமை யப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்துக்குக் குண்டு போட்டது, ஒரு விமானம் எண்ணெய்க் குதத்துக்குள்ளயே வந்து விழுந்து அது நாள்கணக்கா எரிஞ்சது, எல்லாம் எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்டைக்கு அவர் எப்பிடித் தப்பி வந்தார் எண்டு மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்தச் சாமத்திலதான் சொன்னார். “ஓடேக்க கை ரெண்டும் எங்க போகுதெண்டு தெரியாது. வாய் திறந்து கிடக்கும், சத்தம் வராது. பாலையூற்றுக்கு வந்த பிறகுதான் கால்ல ரத்தம் எண்டு கண்டன். பார், அவனும் அப்பிடித்தான் ஓடுறான்.”

பிறகு கேட்டார், “ஆரடா மோனை அவன்?”

எனக்குத் தெரியாது. கசற் மட்டையில சிவாஜியின்ட முகம் மட்டும் இருந்தது. விடிஞ்சா ஆரையும் கேட்டுச் சொல்லுறன் எண்டன். கேக்கேல்ல. அடுத்த வருசம் அம்மப்பா மோசம் போயிட்டார்.

படத்தில ஓடின அந்த மனுசன் பி. டி. சம்பந்தம். போன மாசந்தான் அந்தப் பேரைத் தேடிப் பிடிச்சன். பிடிச்ச நாளில இருந்து நித்திரை சரியில்லை. படத்தின்ட கதையே 1943 ஒக்ரோபரில சென்னையில யப்பான் குண்டு போட்டதை வச்சுத்தான். அம்மப்பாவுக்கு அது சென்னை இல்லை, திருகோணமலை. அதுக்குள்ள அவரைக் கூட்டிக்கொண்டு போனது சிவாஜி இல்லை, ஓடின அந்த மனுசன்.

உங்களுக்கும் இப்பிடி ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.

கிண்ணியாத் தம்பி

நானா, வாசிச்சு முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். எங்கட வாப்பாவும் ஒரு நடிகரைப் பார்க்கிறதுக்கெண்டே ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டவர். படம் ‘புதிய பறவை’. நடிகர் வி. கே. ராமசாமி.

வாப்பா மீன் வியாபாரம். நாலு மணிக்கு எழும்பிற ஆள், படம் பார்க்கிறதே குறைவு. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவால வந்து சாப்பிட்டிட்டு இருக்கேக்க தொலைக்காட்சியில அந்தப் படம் போனது. நாங்க எல்லாரும் கோபாலா வாற சிவாஜியையும் லதாவா வாற சரோஜாதேவியையும் பார்த்துக்கொண்டு இருந்தம். முடிவு வந்தது. கோபால் தன்ட வாயால உண்மையைச் சொன்ன உடன, அதுவரைக்கும் லதாவின்ட வாப்பாவா இருந்த ராமசாமி பொலிஸ்காரனா நிப்பார். வாப்பா சோத்துக் கையோட எழும்பிட்டார். “என்னடா இது, இந்தாள் இவ்வளவு நேரமும் பொய்யா சிரிச்சது?”

பிறகு கசற் வாடகைக்கு எடுத்து ரெண்டாந்தரம் போட்டம். இந்தமுறை வாப்பா ராமசாமியை மட்டுந்தான் பார்த்தார். கப்பல்ல முதல் சந்திக்கிற இடத்தில இருந்து. “நிப்பாட்டு, திருப்பு” எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். கோபாலோட கதைக்கேக்க சிரிப்பு வாயில இருக்கும், கண் ஆளை நிறுக்கும் எண்டு காட்டினவர். “சந்தையில மீன் பார்க்க வாற ஹோட்டல்காரன் இப்பிடித்தான்டா சிரிப்பான், கண் செவுளில இருக்கும்.”

ஒரு நடிகர், அப்பா வேசம் போடுற பொலிஸ்காரனா நடிக்கிறார். அப்பாவாகவும் நம்போணும், ரெண்டாந்தரம் பார்த்தா பொலிஸாகவும் தெரியோணும். சிவாஜிக்கு அழுகிற இடம், பாடுற இடம் எல்லாம் இருக்கு. ராமசாமிக்கு ஒண்டுமில்லை, நிக்கிறதும் கேக்கிறதுந்தான். வாப்பா அண்டைக்குக் காட்டாட்டி எனக்கு இது வாழ்க்கையில விளங்கியிருக்காது. இப்ப எந்தப் படம் பார்த்தாலும் கதைக்கிற ஆளை விட்டிட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கிற ஆளைத்தான் என்ட கண் தேடுது.

ஓர்ஸ்ஹில் வாசி

கிண்ணியாத் தம்பி, கோபிக்காதீங்கோ. ‘புதிய பறவை’ முடிவை இப்பிடி வெளிச்சமாப் போட்டுட்டீங்களே. இதை வாசிக்கிற இளம் பிள்ளைகள் ஒருதரும் இனி அந்த அதிர்ச்சியைப் பெறமாட்டினம். 1964இல வந்த படம் எண்டாலும் முதல்முறை பார்க்கிறவனுக்கு அது புதுப்படந்தான். உங்கட வாப்பா சோத்துக் கையோட எழும்பினது அவருக்கு ஒருதரும் முதல் சொல்லாததாலதானே.

உப்புவெளி அண்ணை சொன்னதிலயும் எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. சம்பந்தம் ஓடுறது சில விநாடி. ‘அந்த நாளை’க் கடைசிவரைக்கும் தூக்கிக்கொண்டு போறது சி.ஐ.டி. சிவானந்தமா வந்த ஜாவர் சீதாராமன். படத்துக்கு வசனம் எழுதினதும் அவர்தான். எழுதின மனுசன், வெடிச்சுப் பேசுற இடங்களையெல்லாம் மற்றவங்களுக்குக் கொடுத்திட்டுத் தனக்குக் கேள்வியை மட்டும் வச்சுக்கொண்டார். நடிகனா இருக்கிற எழுத்தாளன் இப்பிடிச் செய்யிறது லேசில்லை.

எனக்கு அவரோட ஒரு பழைய கணக்கு இருக்கு. சின்னனில நான் ‘பட்டணத்தில் பூதம்’ பார்த்துப் பயந்து அம்மாவின்ட மடிக்குள்ள முகத்தைப் புதைச்சனான். ஜீபூம்பா! அந்த உருவம், அந்தச் சிரிப்பு. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு ‘அந்த நாள்’ பார்க்கேக்க, சிவானந்தம் ஒரு கேள்வி கேட்டிட்டு எதிரில இருக்கிறவர் பதில் சொல்லும்வரைக்கும் பேசாம இருக்கிறார். இந்தக் கண்ணை எங்கயோ கண்டிருக்கிறன், எனக்கு ஏன் நெஞ்சு படபடக்குது எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தன். பேரைப் பார்த்தா ஜீபூம்பா! 1954இல சி.ஐ.டி., 1959இல ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில வெள்ளைக்காரத் தளபதி பானர்மன், 1967இல பூதம். மூண்டும் ஒரே ஆள். நான் மூண்டையும் பார்த்திருந்தும் மூண்டு பேர் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

சம்பந்தம் நல்லா ஓடினார், அதில வாதமில்லை. ஆனா ஓடுறதைவிட இருக்கிறது கஷ்டம்.

தம்பலகாமத்து அக்கா

ஓர்ஸ்ஹில் தம்பி, உப்புவெளித் தம்பி போட்டி வைக்கேல்லையே. அவர் தன்ட அம்மப்பாவைப் பற்றித்தான் எழுதினவர்.

நான் முகம் பார்க்காமலே ஒரு நடிகருக்குப் பயந்தனான். எங்கட வீட்டில ரீவி இல்லை, தியேட்டருக்குப் பெண்பிள்ளைகளை விடமாட்டாங்க. றேடியோதான். இலங்கை வானொலியில ஒலிச்சித்திரம் போகும், படத்தின்ட சத்தத்தை மட்டும் போடுவாங்க, காட்சியை நாங்கதான் மனசில கட்டோணும். வயல் காவலுக்குப் போன ஐயாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே கேப்பன். அப்பிடித்தான் எம். ஆர். ராதாவின்ட குரல் என்ட காதுக்குள்ள வந்தது. ஒரே வாக்கியத்துக்குள்ள குரல் கீழ கிடந்து அறுத்துக்கொண்டு வந்து திடீரெண்டு கீச்செண்டு மேல ஏறும். நான் பெரிய உருவம், பெரிய மீசை எண்டெல்லாம் கட்டி வச்சிருந்தன்.

கலியாணம் முடிச்சு ரவுணுக்கு வந்த பிறகு ‘புதிய பறவை’ பார்த்தன். நிச்சயதார்த்த வீட்டுக்குள்ள சௌகார் ஜானகியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆள் வாறார். அவ்வளவு பெரிய ஆளே இல்லை. வாயைத் திறந்தார். எனக்குக் கை குளிர்ந்து போச்சு, அந்தக் குரல்! பக்கத்தில இருந்த இவர் “என்ன, பயமா?” எண்டு கேட்டார். பயமில்லை. பத்து வருசமா அடுப்படியில என்னோட இருந்த ஒருதரை முதல்முறை நேரில கண்ட மாதிரி இருந்தது. நான் அழுதிட்டன்.

இண்டைக்கும் கொலைப் படம் எண்டா முதல்ல கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கேப்பன்.

பாலையூற்று மூன்றுவில்

நான் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

2022. பெற்றோல் வரிசை. ஆட்டோவை விட்டு இறங்கினா இடம் போயிடும், அதால ராவும் பகலும் அதுக்குள்ளதான். ரெண்டாம் நாள் இரவு எனக்குப் பின்னால நிண்ட பெடியன் போனில ‘அந்த நாள்’ போட்டான். அஞ்சு பேர் என்ட ஆட்டோவுக்குள்ள நெருக்கிக்கொண்டு இருந்தம். போன் ஒண்டு, பவர் பாங்க் ஒண்டு, வெக்கை, நுளம்பு. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் எங்கட ஊருக்குள்ளயே கிடக்குது, நாங்க ரெண்டு லீற்றருக்கு நிக்கிறம்.

ஒவ்வொரு ஆளை விசாரிக்கேக்கயும் எங்களுக்குள்ள ஒருதன் “இவன்தான்” எண்டான். சின்னையாப்பிள்ளை, செத்தவரின்ட தம்பி பட்டாபியில சந்தேகம் எண்டு சொன்ன உடன எல்லாரும் பட்டாபியில. பட்டாபி வாயைத் திறந்து தன்ட பெண்சாதி ஹேமாவைச் சொல்லுறான். அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்த ஆட்டோ அமைதியாப் போச்சு. கட்டினவளையே காட்டிக் கொடுக்கிறான்.

எனக்கு மனசில நிண்டது அதுதான். ஹேமாவா வாறவ மேனகா. புருசன் சொல்லுற கதைக்குள்ள அவ எரிஞ்சு விழுற பொம்பிளை, கையில துவக்கே இருக்கும்போல. பிறகு அவவே இருந்து பதில் சொல்லேக்க, அதே ஆள், அதே வீடு, வேற பொம்பிளை. கோவக்காரிதான், ஆனா குடும்பத்துக்காகக் கோவிக்கிறவ. எது உண்மை? ரெண்டையும் ஒரே முகத்தில காட்டியிருக்கிறா. சிவாஜியும் ஒவ்வொருத்தர் சொல்லுற கதைக்கேற்ற மாதிரி மாறுறார்தான், அவருக்கு எல்லாரும் கை தட்டுறாங்க. மேனகாவுக்கு ஆர் தட்டினது?

அந்தக் கிழமை வீட்டில எனக்கும் இவவுக்கும் காசில பெரிய சண்டை. வரிசையில பெடியங்களுக்கு அவவைப் பற்றி நானும் ஒரு கதை சொல்லியிருந்தன், அரை மணித்தியாலத்துக்கு முதல். படம் ஓடேக்க அது நினைவுக்கு வந்தது. விடியக் காலமை பெற்றோல் வந்தது. வீட்டை போய் ஒண்டும் சொல்லேல்ல, தேத்தண்ணி மட்டும் நான் ஊத்திக் கொடுத்தன்.

கொலைகாரர் ஆரெண்டு நான் சொல்லமாட்டன். எங்கட அஞ்சு பேரில ஒருதனும் பிடிக்கேல்ல.

சாம்பல்தீவு ஆசிரியர்

அனைவருடைய பதிவையும் வாசித்தேன். என் அனுபவம் சிறியது. உயர்தர மாணவர்களுக்கு ஒரு மாலை ‘அந்த நாள்’ போட்டுக் காட்டினேன். விசாரிக்கப்படுபவர்களில் ஒருத்தியான அம்புஜமாக வரும் சூர்யகலாவைப் பார்த்து ஒரு மாணவி, “சேர், இவ பொய் சொல்றாவா, இல்லாட்டி பொய் சொல்றவ மாதிரி நடிக்கத் தெரியாம நடிக்கிறாவா?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இன்னும் யோசிக்கிறேன்.

ஆனால் இங்கே எழுதியவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. முதலாவது, இந்தப் படங்களை போனில் பார்க்காதீர்கள். மூன்றுவில் தம்பியின் நிலைமை வேறு, அதைக் குறை சொல்லவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் முகத்தின் ஒரு பாதியை நிழலில் விட்டிருப்பார்கள், கதைக்குத் தேவையான ஐயம் அந்த நிழலுக்குள்தான் இருக்கும். ‘அந்த நாள்’ ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அப்படித்தான் வைத்திருக்கிறார். சிறு திரையில் அது வெறும் இருட்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, கிடைப்பதில் பெரிய திரையில் பாருங்கள்.

பின்னணியில் காற்றாடி ஓடினால் நிறுத்துங்கள். பாட்டே இல்லாமல் எடுத்த முதல் தமிழ்ப்படம் அது. பாட்டில்லாத படத்தில் காலடியும் கதவும் இருமலும்கூடக் கதை சொல்லும். இணையத்தில் வெட்டிப்போட்ட பிரதிகளும் உண்டு. ஓடும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து நீளமானதை எடுங்கள். துணை நடிகரின் காட்சியைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஒரு தடவை கதைக்காகவும் இரண்டாம் தடவை ஒரேயொரு துணை நடிகருக்காகவும் பாருங்கள். கிண்ணியாத் தம்பியின் தந்தையார் செய்தது அதுதான், அவர் நல்ல ஆசிரியர். தொடக்க எழுத்தில் பெயர்கள் வரும்போது நிறுத்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் எந்த முகம் என்று பிறகு பொருத்திப் பார்க்கலாம். வயதானவர் பக்கத்தில் இருந்தால் படம் ஓடும்போதே கேளுங்கள், முடிந்த பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள். பிள்ளைகளோடு பார்த்தால் இடையில் நிறுத்தி, “யார் மேல் ஐயம், ஏன்?” என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை முடிவில் திருப்பி வாசிக்கும்போது, நடிகர் தங்களை எந்த இடத்தில் ஏமாற்றினார் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கிண்ணியாத் தம்பி

சேர், நல்லாச் சொன்னீங்க. ஆனா வயசான ஆக்களிட்ட படம் ஓடேக்கயே கேளுங்க எண்டு சொன்ன விசயம் உப்புவெளி நானாவுக்குக் குத்தியிருக்கும். அவர் அதுக்குத்தானே இதைத் தொடங்கினவர்.

ஓர்ஸ்ஹில் அண்ணன், முடிவைச் சொன்னது என்ட பிழைதான். வாப்பாவைப் பற்றி எழுத வந்து கை முந்திப் போயிட்டு.

சாம்பல்தீவு ஆசிரியர்

உப்புவெளித் தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களை நினைத்து எழுதவில்லை. என் அப்பாவை நினைத்து எழுதினேன்.

திருக்கடலூர்ப் பெண்

நான் புதுசா வந்தவள். உங்கள்ல ஒருதரும் ‘பொம்மை’யைச் சொல்லாததாலதான் எழுதுறன். ‘அந்த நாள்’ எடுத்த வீணை எஸ். பாலச்சந்தரே பத்து வருசம் கழிச்சு, 1964இல எடுத்த படம். பொம்மைக்குள்ள குண்டு வச்சு ஆளைக் கொல்லப் பார்க்கிற கதை, அது ஊரெல்லாம் கை மாறிப் போகும்.

எங்கட அப்பா கடலுக்குப் போறவர். அண்டைக்குக் காத்து கடுமை, வள்ளம் இறக்கேல்ல. வீட்டில நாங்க நாலு பேரும் ‘பொம்மை’ பார்த்தம். கதை முடிஞ்சுது, அப்பா எழும்பி பீடியைத் தேடினார். பார்த்தா படம் முடியேல்ல. பாலச்சந்தர் தானே திரைக்கு வந்து, படத்தில நடிச்ச ஆக்களையும் பின்னால நிண்டு வேலை செய்தவங்களையும் ஒவ்வொருத்தராக் காட்டி, பேர் சொல்லி, இவர் இன்னது செய்தவர் எண்டு அறிமுகப்படுத்துறார். ஒரு காட்சியில வந்து போன ஆளுக்கும் முகமும் பேரும் ஒண்டா வருது.

அப்பா பீடியைப் பத்தவைக்காமலே நிண்டு பார்த்தார். “கரைவலை இழுத்து முடிஞ்சா சம்மாட்டி இப்பிடிப் பேர் சொல்லித்தான் பங்கு வைப்பான்” எண்டார். எங்கட கரையில வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அப்பிடித்தான். கம்பான் கயிறு இழுத்த சின்னப் பெடியனுக்கும் பேர் சொல்லாமப் பங்கு போகாது.

உப்புவெளி அண்ணை, உங்கட அம்மப்பா கேட்ட அதே கேள்வியை ஆரோ ஒருதர் பாலச்சந்தரிட்டயும் கேட்டிருப்பாங்க எண்டு எனக்குத் தோணுது. நான் நினைக்கிறது மட்டுந்தான்.

உப்புவெளியான்

எல்லாத்தையும் வாசிச்சன். சேர், நீங்க மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. ஓர்ஸ்ஹில் அண்ணை, ஜாவர் சீதாராமனுக்காக நாளைக்குத் திருப்பியும் போட்டுப் பார்க்கிறன். இருக்கிறதுதான் கஷ்டம் எண்டதை யோசிச்சுக்கொண்டு பார்ப்பன்.

தங்கச்சி, ‘பொம்மை’ நான் பார்க்கேல்ல. இண்டைக்கு இரவு அம்மாவோட பார்க்கப்போறன். அம்மாவுக்கு எழுபத்தாறு. அம்மப்பா சீனன்குடாவில இருந்து ஓடிவந்த கதை அவவுக்கு இண்டுவரைக்கும் தெரியாது. அவர் அதை அந்தச் சாமத்தில எனக்கு மட்டுந்தான் சொன்னவர். இண்டைக்குச் சொல்லப்போறன், சம்பந்தத்தின்ட பேரையும் சேர்த்து.